மீதிச் சாயம்

தியானப் பகுதி: ரூத் 3:1–5



இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு வாளி சாயம், ஒரு நூற்கண்டு, ஒரு வெள்ளைச் சேலை ஆகிய இவற்றைக் குறித்தே எழுதப்போகிறேன். அந்த வாளியின் அருகே ஆண்டவர் எனக்கு ஒரு பாடம் கற்பித்தார். அது இனிமையான பாடம் அன்று. போதகன் தன் தவறைச் சபைக்கு மறைத்து வைப்பதைவிட, சபைக்கு முன் அறிக்கையிடுவது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

கடந்த மே மாதம் எங்கள் பேட்டை சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தது. யோசேப்பின் சரித்திரமே அவ்வாண்டின் பாடம். வழக்கமாக யோசேப்பின் அங்கியைத் தாளில் வரைந்து கொடுப்போம். பிள்ளைகள் அதற்கு வண்ணம் தீட்டுவார்கள். இம்முறை கல்லூரியில் படிக்கும் வாலிபச் சகோதரி ஒருத்தி, “ஐயா, பிள்ளைகள் தங்கள் அங்கியைத் தாங்களே செய்யட்டுமே” என்றாள். வெள்ளைப் பனியன்களை முடிச்சிட்டுச் சாயத்தில் நனைக்கும் வேலையை வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம் என்று விளக்கினாள். நான் செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். என் துணைவியார் அதையும் கேட்கவில்லை. அன்று மாலையே வாளிகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

உங்கள் ஓய்வுநாள் பள்ளியிலும் இதைச் செய்ய விரும்புவோருக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். துணி முழுப் பருத்தியாக இருக்கவேண்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்குமாதலால் முதலில் அதை நன்றாகத் துவைத்துக் கஞ்சியைப் போக்கவேண்டும். பின்பு ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 கிராம் சலவைச் சோடா கரைத்து, அதில் துணியை இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். இது சமையலறையில் இருக்கும் ஆப்பச் சோடா அன்று. சலவைக்கு உதவும் சோடா ஆஷ். கையை அரிக்குமாதலால் கையுறை கட்டாயம். சாயப் பொடியைக் கரைக்கும்போது அது மூக்கில் ஏறாதபடி முகத்தை மூடிக்கொள்ளவேண்டும். அதைப் பெரியவர்களே செய்யவேண்டும். சாயத்திற்கென எடுத்த பாத்திரத்தைத் திரும்பவும் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

ஈரத் துணியின் நடுவைப் பிடித்துத் திருகி, அதை வட்டமாகச் சுருட்டி ரப்பர் வளையங்களால் இறுக்கினால் சுருள் வடிவம் வரும். விசிறி போல மடித்துக் கட்டினால் பட்டைகள் வரும். துணிக்குள் கொண்டைக்கடலையை வைத்து நூலால் இறுகக் கட்டினால் வளையங்கள் வரும். கட்டிய துணிமேல் சாயத்தை ஊற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஓர் இரவு முழுவதும் அசையாமல் வைக்கவேண்டும். மறுநாள் குளிர்ந்த தண்ணீரில் அலசி, அதன் பின்பே கட்டை அவிழ்க்கவேண்டும்.

ஓர் இரவு காத்திருப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாங்கள் பயன்படுத்தியது குளிர்ந்த நீரிலேயே பற்றும் வினைச் சாயம். 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த வகை இது. இவ்வகைச் சாயம் நூலின்மேல் வெறுமனே படிந்து நிற்பதில்லை. சோடாவின் உதவியால் பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்து, அந்த இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அதற்கு நேரம் வேண்டும். மஞ்சளை எண்ணிப் பாருங்கள்: துணியில் உடனே ஒட்டும், சோப்புப் பட்டால் சிவக்கும், நாலு நாள் வெயிலில் காய்ந்தால் வெளிறிப்போகும். விரைவில் பற்றுவது வேறு, நிலைத்து நிற்பது வேறு.

மறுநாள் காலை முடிச்சுகளை அவிழ்த்தபோது எழுந்த ஆரவாரம் ஆலய வளாகத்திற்கு வெளியே சாலைவரை கேட்டிருக்கும். நாற்பத்துமூன்று பிள்ளைகள், நாற்பத்துமூன்று பனியன்கள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஒரு சிறுவனின் பனியன் மட்டும் அலசியபோது ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பிவிட்டது. அது பாலியெஸ்டர் கலந்த துணி. அவன் அழத் தொடங்குமுன் என் துணைவியார் வேறொரு பனியனைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அலசிய தண்ணீரை வாய்க்காலில் விடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்ததும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நாம் அறிந்தவை. நம் தாமிரபரணிக்கு ஒரு வாளிகூட நம் கையால் போகவேண்டாம்.

பிள்ளைகள் முடிச்சவிழ்த்த அந்த வேளையில் என் தாயாரின் சுங்குடிச் சேலை என் நினைவுக்கு வந்தது. உங்கள் வீடுகளிலும் அப்படியொன்று இருந்திருக்கும். மதுரையின் சௌராஷ்டிர மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்திலிருந்து புறப்பட்டு, விஜயநகரம் வழியாக மதுரைக்கு வந்தபோது கொண்டுவந்த கலை அது. அவர்களின் உறவினர் நம் ஆற்றங்கரையிலேயே வீரவநல்லூரிலும் நெய்துவருகிறார்கள். துணியை விரல் நுனியால் கடுகளவு கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பெரும்பாலும் பெண்கள் தங்கள் வீட்டு நடையில் அமர்ந்து, நாட்கணக்கில் கட்டினார்கள். பின்பு சேலையைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து இழுத்தால், முடிச்சு இருந்த இடமெல்லாம் வெண்புள்ளியாக மலரும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி அச்சிட்டவையே. கையால் முடிச்சிடுவோர் மிகச் சிலர்.

அம்மா தம் சேலையின் புள்ளிகளைக் காட்டி, “ஒன்று போல ஒன்று இருக்கிறதா பார்” என்பார்கள். இருக்காது. “அச்சுப் போட்டிருந்தால் ஒன்றுபோல இருக்கும். இது யாரோ ஒருத்தி விரலால் கட்டியது” என்பார்கள். அந்தச் சேலையை மனதில் வைத்து, முடிச்சுகளைக் குறித்து ஒரு நல்ல பிரசங்கம் செய்யலாம் என்று நான் உள்ளத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இறுக்கமாகக் கட்டப்பட்ட இடத்தைச் சாயம் தொடுவதில்லை. அதுபோலத் தேவன் நம்மை நெருக்கங்களில் கட்டிக் காக்கிறார் என்று சொல்லலாம் என எண்ணினேன். அது நல்ல கருத்துதான். ஆனால் கர்த்தர் அன்று எனக்கு அந்தப் பிரசங்கத்தைக் கொடுக்கவில்லை.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் பனியனை மார்போடு அணைத்துக்கொண்டு என் துணைவியாரிடம் வந்தாள். நீலச் சாயம் கால் வாளி மீந்திருந்தது. “ஐயரம்மா, இந்த மீதிச் சாயத்துல எங்க அம்மா சேலையை முக்கித் தருவீங்களா? அவங்ககிட்ட எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கு.”

அன்பானவர்களே, அந்தக் கேள்வி வந்தபோது நான் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். என் துணைவியார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அதன் காரணத்தை இப்போது சொல்லவேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறுமியின் தகப்பனார் திடீரெனக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையை நடத்தியவன் நானே. தாய்க்கு அப்போது முப்பத்தொரு வயது. பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு அவர் கருநீலச் சேலை ஒன்றை உடுத்தி ஆராதனைக்கு வந்தார். அந்த வாரமே சபையின் மூத்த தாய்மார் இருவர் என்னிடம் வந்து, “நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா” என்றார்கள். நான் சொன்னேன். கடிந்துகொள்ளவில்லை, மிகவும் மென்மையாகவே சொன்னேன். “மகளே, நீ செய்தது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஜனங்களின் வாய்க்கு ஏன் இடம் கொடுக்கவேண்டும்? கொஞ்சக் காலம் பார்த்துக்கொள்” என்றேன். அவர் “சரிங்க ஐயா” என்றார். அடுத்த ஞாயிறு முதல் வெள்ளை. அதற்குப் பின் அந்தக் ‘கொஞ்சக் காலம்’ எப்போது முடிந்தது என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. சபையில் ஒரு சச்சரவு வராமல் தடுத்துவிட்டேன் என்று, அதை ஞானமாகவே எண்ணியிருந்தேன்.

அன்று மதியம் படிப்பறைக்குள் சென்று வேதத்தைத் திறந்தேன். விதவை வெள்ளை உடுத்தவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? விதவைக்குரிய உடை ஒன்று இருந்தது மெய்யே. ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்தில் தாமார் அதைக் களைந்து வைப்பதைக் காண்கிறோம். ஆனால் அதன் நிறம் சொல்லப்படவில்லை. அது கட்டளையாகவும் இல்லை. இஸ்ரவேலில் துக்கத்தின் உடை இரட்டு; வெண்மை அன்று. வெண்மையான உடையைப் பிரசங்கியின் புத்தகம் (9:8) மகிழ்ச்சியின் உடையாகவே பேசுகிறது. வெளிப்படுத்தல் 7-ஆம் அதிகாரத்தில் சிங்காசனத்திற்கு முன் நிற்கும் திரளான கூட்டம் வெள்ளங்கி தரித்திருப்பது, ஜெயத்தின் அடையாளம். நாம் வெண்மையை ஊர் வழக்கத்திலிருந்து எடுத்து, வேதத்தின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டோம்.

நான் அடிக்கடி பிரசங்கித்த ஏசாயா 1:18-ஐயும் திரும்ப வாசித்தேன். பாவம் சிவப்பானாலும் கர்த்தர் அதை வெண்மையாக்குவார் என்னும் வாக்குத்தத்தம் அது. அங்கே சிவப்புக்கு வரும் எபிரெயச் சொற்களில் ஒன்று, அந்தச் சாயத்தைத் தரும் பூச்சியின் பெயர். நூலோடு கலந்து, எவ்வளவு துவைத்தாலும் போகாத சாயம் அது. மனிதன் கழுவிப் போக்கமுடியாததைத் தேவன் போக்குகிறார் என்பதே அவ்வசனத்தின் பொருள். ஆனால் நான் பல ஆண்டுகளாக அதைப் பிரசங்கித்த விதத்தில், நிறம் என்றாலே கறை, வெள்ளை என்றாலே தூய்மை என்று சபையாரின் மனதில் பதிந்திருக்கக்கூடும். அதே தேவன் தம் ஆசரிப்புக் கூடாரத்திற்கு இளநீலத்தையும் இரத்தாம்பரத்தையும் சிவப்பையும் கேட்டார். அந்த நூலை நூற்றுக் கொண்டுவந்தவர்கள் ஞான இருதயமுள்ள பெண்கள் என்று யாத்திராகமம் 35:25 சாட்சியிடுகிறது. ஐரோப்பாவில் சுவிசேஷத்திற்கு முதலில் இருதயம் திறந்த பெண்மணியாக நாம் அறியும் லீதியாள், இரத்தாம்பரம் விற்றவள்.

கடைசியாக ரூத்தின் புத்தகத்திற்கு வந்தேன். மூன்றாம் அதிகாரத்தில் நகோமி தன் மருமகளுக்கு மூன்று காரியங்களைச் சொல்லுகிறாள்: நீராடு, தைலம் பூசு, உன் உடையை அணிந்துகொள். திருமணத்திற்கான அலங்காரம் என்றே இதை நான் பல முறை விளக்கியிருக்கிறேன். ஆனால் இதே மூன்று செயல்கள், இதே வரிசையில், 2 சாமுவேல் 12:20-இலும் வருகின்றன. தாவீதின் குழந்தை இறந்தபின் அவன் தரையைவிட்டு எழுந்து, நீராடி, தைலம் பூசி, உடை மாற்றிக்கொண்டு, கர்த்தருடைய ஆலயத்திற்குச் செல்கிறான். துக்கநாள் முடிந்தது என்பதன் அடையாளங்கள் அவை. அதே புத்தகம் 14:2-இல் துக்கம் கொண்டாடுகிறவளாக நடிக்க வேண்டிய பெண்ணுக்கு, துக்க உடை அணி, தைலம் பூசாதே என்று சொல்லப்படுகிறது. ஆகவே நகோமி தன் மருமகளிடம், “மகளே, உன் துக்கத்தின் நாட்கள் போதும்” என்கிறாள். அதைச் சொன்னவள் யார்? இறந்தவனின் தாய். தன் புருஷனையும் இரண்டு குமாரரையும் அடக்கம் செய்த ஒரு விதவை. அவளே சொல்லவேண்டியிருந்தது, அவள் சொன்னாள்.

நம்முடைய முன்னோரின் வரலாறும் என்னைக் குற்றப்படுத்தியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், அன்றைய தென் திருவிதாங்கூரில், நம் பாட்டிமார் தோள்சீலைக்காக அடிபட்டார்கள். நாடார் பெண்கள் மேலுடம்பை மூடலாம் என்று மன்னரின் அறிவிப்பு வந்தது 1859-இல். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்ற தடை நீங்கவில்லை. ஒரு பெண் எதை உடுத்தலாம் என்று ஊரார் தீர்மானித்ததை எதிர்த்து நின்ற சபையின் பிள்ளைகள் நாம். அந்த வரலாற்றை நானே வாலிபர் கூட்டங்களில் பெருமையாகப் போதித்திருக்கிறேன். அதே நான், ஒரு பெண்ணின் சேலையின் நிறத்தை ஊராரின் வாய்க்கு ஒப்புக்கொடுத்தேன்.

அன்று மாலையே நானும் என் துணைவியாரும் அந்த வீட்டிற்குப் போனோம். அந்தச் சகோதரியும் அவருடைய மாமியாரும் இருந்தார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. “மகளே, மூன்று வருஷத்துக்கு முன் உன் சேலையைப் பற்றி உன்னிடம் பேசினேன். அப்படிப் பேச எனக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. என்னை மன்னிக்கவேண்டும்” என்றேன்.

அவர் உடனே மன்னித்துவிட்டார் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் அதையே எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “ஐயா, முதல் வருஷம் எனக்கே வெள்ளைதான் மனசுக்குச் சரியா இருந்துச்சு. நீங்க சொன்னது அப்போ பெரிசா வலிக்கல. ஆனா கொஞ்சக் காலம்னு சொன்னீங்க. ரெண்டாவது வருஷம் நீங்க வந்து, போதும் மகளேன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். யாரும் வரல.” பின்பு, “அந்த நீலச் சேலை அவங்க கடைசிக் கிறிஸ்துமஸுக்கு எடுத்துத் தந்தது. உடுத்த முடியாததை வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்” என்றார்.

நான் முப்பது ஆண்டுகளாகத் துக்கவீடுகளில் பேசிவருகிறவன். அன்று எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

மாமியார்தான் பேசினார்கள். “ஐயா, உங்களை மட்டும் சொல்லி என்ன? ஒரே வீட்ல இருக்கேன். நானே சொல்லியிருக்கணும். எம் மவனை மறந்துட்டான்னு ஊரு சொல்லிருமோன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.” பின்பு பேத்தியைப் பார்த்து, “ஏ பிள்ள, அந்தச் சாயம் இன்னும் இருக்கா?” என்று கேட்டார்கள்.

சாயம் இருந்தது. சோடா கலவாத சாயநீர் சில நாள் தாங்கும். அதோடு இன்னொரு பொட்டலமும் வாங்கிக் கரைத்தோம். சேலை ஐந்தரை மீட்டர் பருத்தி. ஆச்சி ஓர் உழக்கு கொண்டைக்கடலையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாலைப்பொழுது உட்கார்ந்து கட்டினார்கள். சிறுமி கடலையை எடுத்துக் கொடுக்க, மருமகள் நூலை வெட்டிக் கொடுக்க, மாமியார் கட்டினார்கள். மொத்தம் 412 முடிச்சுகள் என்று சிறுமி எண்ணிச் சொன்னாள். என் துணைவியாரும் ஒரு மாலை போய் உதவினார்கள். கட்டும்போது ஆச்சி தம் மகனைப் பற்றி, அவர் சிறுவனாக இருந்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்களாம். மூன்று ஆண்டுகளில் அந்த வீட்டில் அவரைப் பற்றி அவ்வளவு பேசியது அதுவே முதல் முறையாம்.

முடிச்சுகளை அவிழ்த்தபோது சேலை அழகாக வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. வாளி சிறியதாகையால் சாயம் ஒரே சீராக ஏறவில்லை. ஒரு தலைப்பு கருநீலம், மறு தலைப்பு வெளிர்நீலம். சில வளையங்கள் கோணலாகவும், சில இடங்களில் நூல் நெகிழ்ந்து உள்ளே சாயம் கசிந்தும் இருந்தன. கணவர் எடுத்துத் தந்த அந்தச் சேலை திரும்பி வரவில்லை. அதைத் திருப்பித்தர எவராலும் இயலாது. இது வேறொரு சேலை. ஆனால் இதன் ஒவ்வொரு வளையமும் அவருடைய தாயார் தம் விரலால் கட்டியது.

அடுத்து வந்த ஞாயிறு அவர் அதை உடுத்திக்கொண்டு திருவிருந்துக்கு வந்தார். அன்று நான் அதைப் பற்றிப் பிரசங்க பீடத்திலிருந்து ஒன்றும் சொல்லவில்லை; அவரைக் காட்சிப்பொருளாக்கும் உரிமை எனக்கில்லை. இப்போது இதை எழுதுவதும் அவரும் அவருடைய மாமியாரும் வாசித்துச் சம்மதித்த பின்பே. ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் முறையிட வந்த தாய்மாரில் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக வெள்ளை உடுத்துகிற முதியவர், அந்தச் சகோதரியின் அருகே போனார்கள். என் உள்ளம் படபடத்தது. அவர்கள் முந்தானையை எடுத்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “தண்ணியில போட்டா போகாதா?” என்று கேட்டார்கள். “போகாது பெரியம்மா” என்றார் இவர். அந்தத் தாயார் முந்தானையை உடனே விட்டுவிடவில்லை. பின்பு யாரிடமும் சொல்லாததுபோல, “எங்க காலத்துல யாரும் சொல்லலையே” என்றார்கள்.

அன்று இரவு நான் அந்தத் தாயாரைக் குறித்தே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இளம் விதவையாக இருந்தபோது இந்தச் சபையில் ஒரு போதகர் இருந்திருப்பார். அவரும் மென்மையானவராகவே இருந்திருப்பார்.

பிரியமானவர்களே, தேவன் நம்மைத் துக்கத்தினூடே நடத்தும்போது அந்த நாட்களுக்கு ஓர் எல்லையையும் வைக்கிறார். கட்டுவதற்கு ஒரு வேளை உண்டு. அவிழ்ப்பதற்கும் ஒரு வேளை உண்டு. கட்டிய நூலை ஒருவரும் அவிழ்க்காமல் விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் வளையத்தை எவரும் காணப்போவதில்லை. அது வெறும் சுருங்கிய துணியாகவே மக்கிப்போகும். ஏசாயா 61:3-இல் கர்த்தர் துயரப்படுகிறவர்களுக்குத் துதியின் உடையைக் கொடுப்பதாக வாக்குப்பண்ணியிருக்கிறார். அந்த உடையை அவர் பெரும்பாலும் மனிதர் கையில்தான் கொடுத்தனுப்புகிறார். நகோமியின் வாயில் வைத்து அனுப்பினார். எங்கள் சபையில் ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயில் வைத்து அனுப்பினார், ஏனென்றால் அதைச் சொல்லவேண்டிய போதகன் மறந்துபோயிருந்தான்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ‘கொஞ்சக் காலம்’ என்று நீங்கள் யாரிடமாவது சொல்லி, பின்பு திரும்பிப் போய்ப் பார்க்காமல் விட்டிருக்கிறீர்களா? விதவையான மருமகளாக இருக்கலாம். தவறு செய்து வீட்டைவிட்டு விலக்கிவைத்த மகனாக இருக்கலாம். சபையில் ஒரு பொறுப்பிலிருந்து நிறுத்திவைத்த சகோதரனாக இருக்கலாம். கட்டியவர் நீங்களானால், அவிழ்க்கப் போகவேண்டியவரும் நீங்களே. அவர்கள் நிறத்தை நீங்கள் தெரிந்தெடுக்கவேண்டாம். வெள்ளையே போதும் என்று ஒரு சகோதரி தன் மனதாரச் சொன்னால் அதுவும் அவருடைய உரிமை. போய்க் கேளுங்கள்; அதுவே போதும்.

ஜெபிப்போம்:

எங்கள் பரம பிதாவே, நாங்கள் பிறர்மேல் கட்டிவிட்டு மறந்துபோன முடிச்சுகளை எங்களுக்கு நினைப்பூட்டும். உம்முடைய வார்த்தையில் இல்லாததை உம்முடைய பெயரால் நாங்கள் சொன்னதை மன்னியும். இந்த வாரம் ஒரு வீட்டு வாசலுக்குப் போகத் தைரியம் தாரும்; அங்கே பேசுவதைவிட அதிகமாய்க் கேட்கச் செவி தாரும். நாற்பது ஆண்டுகளாக ஒருவரும் வந்து கேட்காதவர்களை நீர் மறக்கவில்லை என்று அவர்கள் அறியும்படி, எங்களை அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர், பேட்டை